நாகமலை நாற்பத்து மூன்றாவதாக வந்த ஆண்டு

சென்ற ஆண்டு நடந்த நாகமலை நெடுந்தூர ஓட்டத்தில் நாகமலை நாற்பத்து மூன்றாவதாக வந்தது. நாற்பத்து இரண்டாவது இடம் பரவை கனகலட்சுமிக்கு. முடிவுப் பட்டியலில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. மலையின் பெயருக்கு எதிரே, வயது என்ற கட்டத்தில், ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஓட்டத்துக்கென்று பாதை கிடையாது. நாகமலைப் புதுக்கோட்டையில் விசில் ஊதியதும் கிளம்பி ஆறு மணி நேரத்துக்குள் விக்கிரமங்கலத்தில் கட்டியிருக்கும் ரிப்பனைத் தாண்ட வேண்டும். மலை முதுகில் ஏறிப் போகலாம், வடக்கே வைகைக் கரையோடு போகலாம், தெற்கே மானாவாரிக் காடுகளுக்குள் புகுந்து போகலாம். வண்டியில் மட்டும் ஏறக் கூடாது. சிம்மக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம்தான் நடுவர். மூன்று ஆண்டு தொடர்ந்து நேரம் தவறுகிறவர்களை அதன் பிறகு சேர்ப்பதில்லை என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். கனகலட்சுமி இரண்டு ஆண்டு தவறியிருந்தாள்.

அவள் கால்களில் ஒரு குறையும் இல்லை. பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருந்த அவள், விடியற்காலையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் உச்சி வெயில்வரை எழுந்திருக்க வழியில்லை. ஆண்டில் அந்த ஒரு நாள்தான் எந்தப் பக்கம் திரும்புவதென்று அவளே முடிவு செய்துகொள்ளும் நாள். அதனால் கால்கள் ஆசை ஆசையாய் ஓடின. சிக்கல் சொந்தக்காரர்களிடம் இருந்தது. நாகமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்குச் சொந்தமில்லாத ஊரே கிடையாது. சொந்தக்காரர் வாசலைக் கை நனைக்காமல் தாண்டுவது அவர்கள் வகையறாவில் கேஸ் போடுவதற்குச் சமம். அவளுடைய சித்தப்பா ஒருவர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அக்கா ஊரைத் தாண்டிவிட்டதற்காகப் பதினோரு ஆண்டுகள் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அற்றுப் போயிருந்தார்.

முதல் ஆண்டு வடக்கே போனாள். கொடிமங்கலத்தில் சின்னம்மா சுந்தரம்மாள் நடுத் தெருவில் சொம்போடு நின்றாள். “தண்ணியை மட்டும் குடிச்சிட்டு ஓடு தாயி, நான் என்ன பிடிச்சா வைக்கப் போறேன்?” என்றாள். தண்ணீருக்குப் பின்னால் கோழிக் குழம்பு வந்தது, அதற்குப் பின்னால் பாயும் தலையணையும் வந்தன. கனகலட்சுமி விக்கிரமங்கலம் சேர்ந்தபோது ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தெற்கே போனாள். வடபழஞ்சியில் மாமா முத்திருளன் வரப்பிலிருந்தே கண்டுகொண்டார். “முகத்தை மூடுனா ஆச்சா? குதிகால் பிட்டத்துல அடிக்க ஓடுறது நம்ம வகையறா ஓட்டமில்லையா?” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அன்று அங்கே கிடா வெட்டியிருந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு கிளம்பும்போது கணவர் பாண்டியராஜன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“ஓட்டத்துக்குப் போறியா, விருந்துக்குப் போறியா?”

“மலை மேலயே போறேன். அங்க எவன் இருக்கான் சொந்தக்காரன்?”

விசில் ஐந்தரைக்கு ஊதப்பட்டது. அவள் நேரே முகட்டில் ஏறிவிட்டாள். அங்கே பாறையும் முள்ளும் காற்றும் தவிர எதுவும் இல்லை. கீழே இரண்டு பக்கமும் அத்தைகளும் மாமன்களும் சிறு புள்ளிகளாக வாசலில் காத்து நிற்பது தெரிந்தது. எட்டே காலுக்குப் பாதி தூரம் தாண்டியிருந்தாள். அப்போதுதான் மலை தொண்டையைக் கனைத்தது. அடிவாரத்து ஊரான மேலக்காலில் மூன்று வீட்டு ஓடு சரிந்தது.

“யாரு மக நீ?” என்று மலை கேட்டது.

கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா பெயர், ஐயா பெயர், ஊர் எல்லாம் ஓடிக்கொண்டே சொன்னாள். மலை சற்று யோசித்தது.

“அப்ப உங்க வீட்டு அம்மி என் மக. என் இடுப்புல வெட்டி எடுத்துட்டுப் போனது. அவ மேல காலை வச்சுத்தான உனக்குக் கல்யாணம் ஆச்சு? ஒரே வீட்டுல வளந்தவ, உனக்கு அக்கா. அப்ப நான் உனக்கு யாரு?”

கனகலட்சுமிக்குக் கால் தன்னால் நின்றது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

“பெரியப்பா” என்றாள், அழுகை வராத குறையாக.

“பெரியப்பா முதுகு மேலயே நடந்து போயிட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போவியா?”

மலை அவளை நிழலான பாறையில் உட்கார வைத்தது. சுனையிலிருந்து தண்ணீர் கொடுத்தது. காரைப்பழம் கொடுத்தது, சூரைப்பழம் கொடுத்தது, பொந்திலிருந்து ஒரு தேனடையை முழுசாக எடுத்து வைத்தது. போதும் என்று கையை இழுத்தபோது, “இம்புட்டுத் தின்னா உடம்புல என்ன ஒட்டும்?” என்று இன்னொரு அடையை வைத்தது. கல்யாணச் சீரோடு பரவைக்குப் போன அம்மி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தது. மிக்சி வந்த பிறகு அவளுக்கு வேலை குறைவு, நன்றாக ஓய்வெடுக்கிறாள் என்று கனகலட்சுமி பக்குவமாகச் சொன்னாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் வயிறு நிறையத் தேனோடு, அவள் வகையறாவில் யாரும் ஓடியதில்லை.

“அப்ப நான் வாரேன் பெரியப்பா” என்று எழுந்தாள்.

“இரு, பஸ் ஏத்தி விட்டுட்டு வாரேன்.”

வந்தவர்களை பஸ் ஏற்றிவிடாமல் யாரும் வீட்டுக்குள் திரும்புவதில்லை. அதே போல, வேண்டாம் என்று மூன்று முறை சொல்லாமல் யாரும் அதை ஏற்றுக்கொள்வதும் இல்லை. கனகலட்சுமிக்கு அந்த மூன்று முறையும் மூன்று யுகமாக இருந்தது. “எதுக்கு பெரியப்பா சிரமம்” என்றாள். “இந்த வெயில்ல எதுக்கு” என்றாள். மூன்றாவது முறை வாயைத் திறந்தவள், மலைக்கு நிஜமாகவே மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ரொம்ப மெதுவாக, காற்றுக்குக் கேட்காத குரலில் “வேணாம்” என்றாள். மலை எழுந்துவிட்டது.

மலை வடமேற்காக நகர, அதன் முதுகில் கனகலட்சுமியும் வடமேற்காக ஓடினாள். ஒரு எட்டு வைத்தால் மூன்று எட்டு தூரம் போயிற்று. வழியில் கிடந்த கண்மாயை மலை ஒரு சொட்டு சிந்தாமல் தாண்டியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து அடிவாரத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் என்ஜினியர் ஒருவர் பின்னால் ஏதோ வருவது தெரிந்து ஓரமாக ஒதுங்கி, “போங்கண்ணே” என்று வழிவிட்டார். மலையும் சிறு கற்களை உதிர்த்து நன்றி சொன்னது. பதினொன்று இருபத்தெட்டுக்கு அவள் முகட்டிலிருந்து குதித்து இறங்கி ரிப்பனைத் தாண்டினாள்.

உடனே தகராறு வந்தது. மலையில் ஏறி வந்தது வண்டியில் ஏறி வந்ததாகும் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அப்துல் ஹலீம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், பிறகு மலையை ஒரு சுற்று சுற்றி வந்தார். அதற்கே நேரமாயிற்று.

“நம்பர் பிளேட் இல்ல, டயரு இல்ல. இத எப்படிம்மா வண்டின்னு எழுதுவேன்?” என்றார். “ஏறி உக்காந்து வந்தியா, ஓடி வந்தியா?”

“ஓடித்தான் வந்தேன் பாய். அவரு கூட வந்தாரு.”

“சொந்தமா?”

“பெரியப்பா.”

“சொந்தக்காரங்க கூட வரக் கூடாதுன்னு விதி இல்ல” என்று அவர் நேரத்தை எழுதிக்கொண்டார். மலையின் தலை முன்பே ரிப்பனைத் தொட்டிருந்தாலும், கூட்ஸ் வண்டிக்குக் கடைசிப் பெட்டி போனால்தான் கணக்கு என்பதால், வால் வந்து சேரும்வரை காத்திருந்து அதற்கு நாற்பத்து மூன்றாம் இடம் கொடுத்தார். அதன் கழுத்துக்கு ஏற்ற நாடா இல்லாததால் பதக்கத்தை ஒரு வேப்பமரத்தில் மாட்டினார்கள். கனகலட்சுமியின் பெயர் அடுத்த ஆண்டுக்கும் நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது மலை இன்னும் நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்தவரை அப்படியே அனுப்ப முடியாது.

“வந்தது வந்தீக, வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க பெரியப்பா.”

மலை மூன்று முறை வேண்டாம் என்றது. பிறகு வைகை மணலைக் கடந்து பரவைக்கு வந்து மார்க்கெட்டுக்குப் பின்னால் அமர்ந்து, பதினெட்டு அண்டா காப்பி குடித்து, சமையற்கட்டு ஜன்னல் வழியாக அம்மியோடு இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் கனகலட்சுமி அதை அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டாள். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவதாவது என்று மலை அவளைப் பரவையில் விட வந்தது. அவள் திரும்ப அதை விடப் போனாள். இப்படிப் பதினாறு நாள் போயிற்று. கடைசியில் பாண்டியராஜன்தான் பாதி வழியில் நின்று, “ரெண்டு பேரும் இங்கயே திரும்புங்க” என்று சொல்லிப் பிரித்துவைத்தார்.

மலை அன்று திரும்பி நடக்கும்போது நடுவழியிலேயே களைத்துப் படுத்துவிட்டது. அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அதனால் பரவையில் இப்போது பொழுது கால் மணி நேரம் முன்னதாகவே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. கடைக்காரர்கள் அதற்கேற்ப விளக்கைப் போட்டுக்கொள்கிறார்கள்.