எழுதாமல் விட்ட தீர்மானம்

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் எழிலரசி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு டைரியைக் கொடுத்து உட்கார வைத்தாள். ஓசூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் வருஷா வருஷம் இது உண்டாம். வேலை, பணம், உடம்பு என்று மூன்று தலைப்பு. மூன்றிலும் இந்த வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

"சும்மா நல்லா இருப்பன், ஒழுங்கா இருப்பன்னு எழுதக் கூடாதுப்பா. என்னா செய்வீங்க, எத்தனை நாளைக்கு ஒருக்கா செய்வீங்க, அதெல்லாம் வரணும்."

வெண்மதி இரண்டே நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டாள். ஜாக்கெட்டுக்குத் தையல்கூலி முப்பது ரூபாய் ஏற்றுவது, மிஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டுவது, முட்டிவலிக்கு டாக்டரைப் பார்ப்பது. எழுதின கையோடு டைரியை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தமிழ்ச்செல்வனுக்குத்தான் நேரம் பிடித்தது. வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமாகப் பென்னாகரத்துக்கும் தர்மபுரிக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறார். முன்னால் போகிற எந்த வண்டியையும் விட்டுவைக்க மாட்டார் என்று அந்த ரோட்டில் ஒரு பேர் உண்டு. வேலை என்ற இடத்தில், 'டைமுக்காக எந்த வண்டியையும் முந்துவதில்லை, பயணிகளிடம் கத்துவதில்லை' என்று எழுதினார். பணத்துக்கு, 'மாதம் மூவாயிரம் தபால் ஆபீசில் கட்டுவது.' உடம்பு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"சுகர் டெஸ்ட்டுன்னு எழுதுங்கப்பா. அஞ்சு வருசமா அதே மாத்திரையை மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டுக்கறீங்க. டாக்டரப் பாத்து எத்தனை நாளாச்சு?"

"தெனமும் நடக்கறன்னு எழுதறன். நடந்தா எல்லாம் சரியாயிடும்."

"அதையும் எழுதுங்க, இதையும் எழுதுங்க."

"மொதல்ல ஒன்ன ஒழுங்காச் செய்யறன். அப்பறம் பாக்கலாம், வுடு."

'தினமும் காலை ஆறு கிலோமீட்டர் நடை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

விஷயம் இதுதான். தீபாவளிக்கு முன்னாலிருந்தே அவருடைய இடது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி கறுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்ததும் கொசு போய், சோப்புத் தண்ணிக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கண்ணைப் பொத்தி, இன்னொரு கண்ணால் ஷாம்பு பாக்கெட்டின் எழுத்தைப் படித்துப் பார்ப்பார். வலது கண் படிக்கும். இடது கண்ணுக்கு பாக்கெட் இருப்பதே மங்கலாகத்தான் தெரியும். டாக்டரிடம் போனால் சுகரோடு நிற்காது, கண்ணையும் கேட்பார்கள். கண்ணைப் பார்த்தால் ஸ்டியரிங் போய்விடும். வேறு எந்தத் தொழிலும் அவருக்குத் தெரியாது.

அதனால் நடந்தார். அரசுப் பள்ளி மைதானத்தில் விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணி டிரிப்புக்கு முன்னால் முடித்துவிடுவார். நடந்த நாளுக்கெல்லாம் காலண்டரில் ஒரு டிக். ஞாயிறுதோறும் அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவார். அவள் கைதட்டும் படமாக வரிசையாக அனுப்பி வைப்பாள். தபால் ஆபீசிலும் மாசம் தவறாமல் கட்டினார். முன்னால் போகிற வண்டியை முந்தாமல் பின்னாலேயே போனார். கண்டக்டர் மாதுவுக்குக்கூட ஆச்சரியம்.

"என்னாணா, சாமியாராயிட்டீங்க? அந்தப் பச்சை வண்டிக்காரன் நம்மளத் தாண்டிப் போறான், சும்மா இருக்கீங்க."

"போவட்டும்டா."

முந்தப் பயமாக இருந்தது என்பதை அவனிடம் சொல்லவில்லை. இருட்டு விழுந்த பிறகு ஓட்டுகிற கடைசி டிரிப்பையும் விட்டுவிட்டார். காலையில் நடக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி சீக்கிரம் படுக்கணும் என்று பஸ் முதலாளி ராஜாமணியிடம் கேட்டபோது அவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். மற்ற டிரைவர்களிடம், "தமிழப் பாத்துக் கத்துக்கங்க. ஏழு கிலோ எறங்கிட்டான்," என்று வேறு சொன்னார். அது காதில் விழுந்தபோது தமிழ்ச்செல்வனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதிரி, தான் எழுதினதையெல்லாம் செய்துவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது என்றே நம்ப ஆரம்பித்திருந்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். தர்மபுரியில் நாலே காலுக்கு எடுத்த வண்டி. உட்கார இடமில்லாமல் நடைபாதையெல்லாம் ஆள். பென்னாகரம் மேற்கே இருப்பதால் அந்த நேரத்துக்கு வெயில் நேராக டிரைவர் முகத்தில் அடிக்கும். இண்டூரைத் தாண்டி ஒரு வளைவு. ரோட்டோரம் இடது பக்கம் ஒரு குத்துக்கல் நிற்பதாகத்தான் அவர் கண்ணுக்குப் பட்டது. அந்தக் கல் நகர்ந்தது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றார். உள்ளே ஆள்மேல் ஆள் சரிந்து விழுந்தார்கள். வண்டி ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. பம்பருக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. பின்னால் மாட்டுப்புல் கட்டை வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனைத் திட்டத் தொடங்கினார்கள்.

"கண்ணு தெரியல உனக்கு? பஸ்ஸு வரது தெரியாதா?"

"மத்தியானத்துலயே ஊத்திக்கினு வந்துட்டான்."

"டிரைவரு நல்ல ஆளு, அதனால தப்பிச்ச. வேற எவனாவதா இருந்தா உன்ன வாரிப் போட்டுட்டுப் போயிருப்பான்."

மாதுவும் கீழே இறங்கி நாலு வார்த்தை திட்டினான்.  அந்த ஆள் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்று கும்பிட்டான்.

தமிழ்ச்செல்வனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் ஓரமாகத்தான் வந்தான். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மண்ணில்தான் வந்திருந்தான். சைக்கிள் தடம் அதில் தெளிவாகத் தெரிந்தது. வண்டிதான் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. அதைச் சொல்ல அந்த நிமிஷம் அவருக்கு வாய் வரவில்லை. அந்த ஆள் சைக்கிளைத் தூக்கி, அவிழ்ந்த புல்லைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாது விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை. இரண்டாவது தடவை கொடுத்துவிட்டு முன்னால் வந்து பார்த்தான். தமிழ்ச்செல்வன் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எறக்கி விட்டுரு மாது. பின்னாடி கவர்மெண்டு பஸ்ஸு வரும், அதுல ஏறிக்கட்டும். டிக்கெட்டுக் காசத் திருப்பிக் குடுத்துரு."

"எதுக்குணா? ஒண்ணும் ஆகலயே. தண்ணி குடிங்க, அஞ்சு நிமிசம் கழிச்சுப் போலாம்."

"அவன் மேல தப்பு இல்ல. எனக்குத் தெரியல. எனக்கு இந்தக் கண்ணு தெரியலடா."

 மாது பின்னால் போய், வண்டி பிரேக் டவுன், எல்லாரும் இறங்குங்க என்று சத்தம் போட்டான். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ராஜாமணி வேறொரு டிரைவரைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் வந்து சேர்ந்தார். தமிழ்ச்செல்வன் ஒன்று விடாமல் சொன்னார். தீபாவளி என்றதும் ராஜாமணி முகம் மாறிவிட்டது.

"பத்து மாசமா? ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு, அறுபது பேர ஏத்திக்கிட்டு, பத்து மாசமா ஓட்டியிருக்க. எம் மருமவ கைக்கொழந்தயோட உன் வண்டிலதான் போறா, வரா. உன் வண்டின்னா நம்பி அனுப்புவன்டா."

அடித்துவிடுவார் போலத்தான் இருந்தது. அடிக்கவில்லை. சாவியை வாங்கி அந்த டிரைவரிடம் கொடுத்தார். திரும்பும்போது தமிழ்ச்செல்வன் தன் வண்டியில் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

வெண்மதியிடம் சொல்லும்போது அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்திருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுங்க."

"என்னா தெரியும்?"

"பொங்கலப்பவே சந்தேகம். சோத்துல கெடந்த முடியக்கூடப் பாக்காமத் தின்னீங்க. இடது பக்கமா டம்ளர வெச்சா தட்டி விட்டுடறீங்க. கேக்கணும்னு நெனைப்பன். கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்னா பண்றதுன்னு வுட்டுட்டன். காலண்டர்ல டிக்குப் போடறப்ப ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."  "நானும் சேந்துதான் பண்ணியிருக்கறன்."

அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சுகர் முன்னூற்று எண்பது. கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது, இடது கண்ணில் போன பார்வை பெரிதாகத் திரும்பாது, லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றலாம், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார்.

"நடை நல்லதுதான். விடாம நடங்க. ஆனா உங்களுக்கு நடை மட்டும் போதாதுன்னு ரத்தம் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஜனவரில வந்திருந்தீங்கன்னா இந்தக் கண்ணயும் ஓரளவு காப்பாத்தியிருக்கலாம்."

"பஸ்ஸு ஓட்டலாமுங்களா?"

"இனிமே கூடாதுங்க."

விஷயம் தெரிந்து ஓசூரிலிருந்து வந்த எழிலரசி கோபத்தில் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மாத்திரை பெயர்களையும் வேளையையும் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்பினாள். தபால் ஆபீசில் போட்டிருந்த பணத்தை ஆட்டோவுக்கும் மருந்துக்கும், சம்பளமில்லாத அந்த ஒன்றரை மாதச் செலவுக்கும் எடுத்தார்கள்.

லேசர் இரண்டு தடவை முடிந்தது. அதன் பிறகும் தமிழ்ச்செல்வனுக்கு அந்தப் புல்லுக்கட்டுக்காரன் கும்பிட்டது மனசை விட்டுப் போகவில்லை. மாதுவிடம் கேட்டு ஆளைக் கண்டுபிடித்தார். பேர் கருப்பண்ணன். வளைவுக்குப் பக்கத்து ஊர், மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரும் மாதுவும் போனார்கள். கருப்பண்ணன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். டிரைவரை அடையாளம் தெரிந்ததும் பயந்துவிட்டான்.

"போலீசுல ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தன். அன்னைக்குத் தப்பு உங்க மேல இல்ல. நீங்க ஓரமாத்தான் வந்தீங்க. எனக்கு ஒரு கண்ணு தெரியாது. தெரிஞ்சே மறைச்சு ஓட்டிக்கிட்டு இருந்தன்."

கருப்பண்ணன் கையைத் துண்டில் துடைத்தான்.  உள்ளேயிருந்து அவன் மனைவி சாலம்மாள் வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"நானும் ஓரமாத்தான் வந்தன்னு ஊர்ல சொன்னன்," என்றான். "யாரும் நம்பல. பஸ்ஸுல இருந்ததுல பாதிப் பேரு எங்க ஊருதானுங்க. குடிச்சிட்டு வந்து குறுக்க வுட்டுட்டான்னு சொல்லிட்டாங்க. நான் குடிக்கறத வுட்டு மூணு வருசம் ஆவுது."

"இவ அப்பா வூட்டுலருந்தே வந்து மறுபடி குடிக்கறயான்னு கேட்டுட்டுப் போனாங்க," என்றான் சாலம்மாளைக் காட்டி. 

"என்னை என்னா பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டார் தமிழ்ச்செல்வன்.

"எங்கிட்ட சொன்னீங்கள்ல, அத அங்க வந்து சொல்லுங்க."

மூன்று பேருமாக நடந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சிலருக்கு டிரைவரைத் தெரியும். என்னாங்க இந்தப் பக்கம் என்று எழுந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.  நின்றபடியே ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"கருப்பண்ணன் அன்னைக்குக் குடிக்கல. ஓரமாத்தான் வந்தாரு. எனக்குக் கண்ணு தெரியாம நான்தான் வண்டிய எறக்கிட்டன். அவர நீங்க திட்டுனப்ப நான் வாயத் தெறக்காம உக்காந்திருந்தன். அதுவும் தப்புத்தான்."

 ஒரு பெரியவர், "அப்ப எங்களயும் கொன்னிருப்ப," என்றார். "ஆமாங்க," என்றார் தமிழ்ச்செல்வன். இன்னொருவன் எழுந்து டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டான். கருப்பண்ணன் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கடைக்காரர் மூன்று டீ போட்டு வைத்தார். குடித்துவிட்டு மாதுவும் தமிழ்ச்செல்வனும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

அக்டோபரிலிருந்து ராஜாமணி அவரைப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டுக்கொண்டார். பழைய சம்பளத்தில் பாதியை விடக் கொஞ்சம் கூட. பேச்சு முன்னைப் போல இல்லை. வேலைக்கு உண்டானதை மட்டும் பேசுவார். ஆனால் தன் ஏழு டிரைவர்களையும் வரிசையாகக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தன் கோபித்துக்கொண்டு வேறு முதலாளியிடம் போய்விட்டான்.

வெண்மதி மிஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டாள். முட்டிவலிக்கு டாக்டரைப் பார்ப்பதைத்தான் தள்ளிக்கொண்டே இருந்தாள். போன வாரம் தமிழ்ச்செல்வன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார். ரெண்டு ஜாக்கெட் அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். அவர் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டு, வாசலில் நின்றார். அவள் ஊசியிலிருந்து நூலை அறுத்துவிட்டு எழுந்து வந்தாள்.