கீழே இருப்பது

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் வேன்காரர். ஒற்றைச் செருப்பு, ஒரு சாக்பீஸ் துண்டு, தகரப்பெட்டி. பெட்டி ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. துணிக்கு நடுவில் துணிதான் இருந்தது.

"அண்ணா, எந்திரிச்சு வெளிய வா. இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம். கொஞ்சம் உக்காரு" என்றாள் தங்கை. அவள் கையில் வாளியும் துடைக்கும் துணியும் இருந்தன. "ஒண்ணு மட்டும் சொல்லிடு. தரையத் துடைக்கலாமா, கூடாதா? தரையும் கீழதானே இருக்கு?"

அவள் கேலி செய்யவில்லை. ஆனாலும் வாசற்படியில் நின்றிருந்த மைத்துனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளில் சிரிப்பதா என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"இப்ப வேண்டாம்" என்றார் வேன்காரர்.

நேற்று மதியம் நடந்தது இது. காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, டீச்சர் கண் திறக்காமல் கிடந்தாள். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் கட்டிய வேன்காரருக்கும் அவள் டீச்சர்தான். திடீரென்று கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

"கீழ இருக்கறதத் தொடாதீங்க. மேல மட்டும் பாருங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, தொடமாட்டேன்" என்றார். எதை என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேச்சில்லை. சாயங்காலம் மூச்சும் இல்லை.

வாக்குக் கொடுத்தாயிற்று. எதற்கென்றுதான் தெரியவில்லை.

மேலே பாருங்கள் என்றால் கடவுளைத்தான் என்றாள் தங்கை. அலமாரியின் கீழ்த்தட்டாக இருக்கும், அதில்தான் அக்கா கண்ணாடிச் சாமான்களை வைத்திருந்தாள் என்றான் மைத்துனன். கட்டிலைக் கழற்றிப் போடலாம் என்று யாரோ சொன்னபோது வேன்காரர் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். இப்படியாக, அந்த வீட்டில் முழங்காலுக்குக் கீழே இருந்த எதையும் யாரும் தொடவில்லை.

அவரைக் குடைந்தது இன்னொன்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் அவரை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளுக்கு முன்னால்கூட 'டிரைவரே, மெதுவாப் போ' என்பாள். கோபம் வந்தால் 'போடா'வும் உண்டு. தொடாதே என்றிருக்க வேண்டியவள் 'தொடாதீங்க' என்றாள். கடைசி நேரத்தில் எதற்கு அந்த 'ங்க'? கூட வாழ்ந்தவனை அடையாளம் தெரியாமல் போயிற்றா? வீட்டுக்கு வந்த வேற்றாளிடம் பேசுவதுபோல அல்லவா பேசினாள்?

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மாற்று டிரைவர் தலையைச் சொறிந்தபடி உள்ளே வந்தான்.

"அண்ணே, மன்னிச்சுக்கணும். ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது. முதல் கியர்லயே இதுவரைக்கும் உருட்டிட்டு வந்துட்டேன். உள்ள பிள்ளைங்க இருக்கு."

"கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வேன்காரர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"அண்ணா! இன்னிக்குமா வண்டி ஓட்டப் போற? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"பிள்ளைங்களுக்குப் பசிக்கும்."

அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் என்றால் வேனில் இருப்பவர்கள்தாம்.

அவர் ஏறியதும் வேனுக்குள் சத்தம் நின்றது. அவருக்குப் பக்கத்து இருக்கை டீச்சருடையது. பின்னால் மடியில் மடியாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தும், அதில் ஒரு பையைக்கூட யாரும் வைத்திருக்கவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் பிள்ளைகள் பிள்ளைகளானார்கள்.

"ஏய், வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன்!" இது இரட்டைச்சடை. "எட்டுல அஞ்சுலேர்ந்து எட்டுல ரெண்டு கழிக்கணும். அஞ்சுல ரெண்டு போனா மூணு. எட்டுல எட்டு போனா சைபர். மேல மூணு, கீழ சைபர்!"

"அடி மக்கு!" என்றாள் கண்ணாடிக்காரி. தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, குரலை மாற்றிக்கொண்டாள். "கீழ இருக்கறதத் தொடாதீங்க! மேல மட்டும் பாருங்க!"

அச்சு அசல் டீச்சர் குரல். வேன் முழுக்கச் சிரித்தது. சிரித்த வேகத்தில் சிரிப்பு நின்றது.

வேன்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அத யாரு சொன்னது?"

கண்ணாடிக்காரிக்கு முகம் வெளிறியது. "கேலி பண்ணல மாமா. டீச்சர்தான் சொல்வாங்க. பின்னம் கூட்டறப்ப எல்லாருமே கீழயும் சேத்துக் கூட்டிடுவோம். டெய்லி சொல்வாங்க."

"யாருகிட்ட?"

"எங்ககிட்டதான். எல்லார்கிட்டயும்."

எல்லாரிடமும். அதனால்தான் 'ங்க'. அவரைப் பார்த்துச் சொன்னதல்ல. அவள் பார்த்தது கூரையையும் அல்ல, கரும்பலகையை.

அவர் பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஏன் தொடக்கூடாது?" என்றாள் இரட்டைச்சடை. அவளுக்கு அழுகை முட்டியது. "கூட்டறதுதான் டீச்சர் சொல்லித் தந்தாங்க. கழிக்கறதுக்கு முன்னாடியே லீவு போட்டுட்டாங்க. கழிக்கறப்பவும் தொடக்கூடாதா?"

கண்ணாடிக்காரிக்கும் அது தெரியவில்லை. தொடக்கூடாது என்பதுதான் தெரியும். ஏன் என்று தெரியாது.

வேன்காரர் டேஷ்போர்டைப் பார்த்தார்; இரட்டைச்சடையைக் கூப்பிட்டார். "இங்க வா. இந்த முள்ளு என்ன காட்டுது?"

"டீசல்."

"மொத்த டாங்கையும் எட்டு சம பாகமாப் பிரிச்சு எட்டு கோடு போட்டிருக்கான். முள்ளு எந்தக் கோட்டுல நிக்குது? எண்ணு."

அவள் விரலை வைத்து எண்ணினாள். "அஞ்சாவது."

"அப்ப எட்டுல அஞ்சு இருக்கு. உங்களையெல்லாம் சுத்திச் சுத்தி இறக்கி விட்டதுல ரெண்டு பாகம் தீந்துபோச்சுன்னு வை. முள்ளு எங்க வரும்?"

"மூணுக்கு."

"டீசல் போனதுக்காகக் கோடும் அழிஞ்சு போயிருமா?"

"போகாது. அதான் வரைஞ்சிருக்கே!"

"எல்லாக் கோட்டையும் அழிச்சிட்டா?"

அவள் யோசித்தாள். "அப்ப முள்ளு மூணுன்னு எதப் பாத்துச் சொல்லும்? எதுல மூணுன்னே தெரியாதே."

"அவ்வளவுதான்."

இரட்டைச்சடை அங்கேயே, டீச்சரின் இருக்கையில் உட்கார்ந்து நோட்டை விரித்து, சைபரை ரப்பரால் தேய்த்தாள். ரப்பர் துகள்களை ஊதிவிட்டாள். பிறகு, இடத்தை அப்போதுதான் கவனித்து, சட்டென்று எழப் பார்த்தாள்.

"உக்காரு" என்றார் அவர். "பின்னாடி இடம் இல்ல."

கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்தார். இரண்டாவது கியர் விழுந்தது.

வீடு திரும்பியபோது தங்கை வாளியோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"துடைச்சுக்கம்மா" என்றார். "கட்டிலையும் கழட்டிக்கலாம்."

"கீழ என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுதாண்ணா?"

"தெரிஞ்சுது. எட்டு."

"எட்டா?"

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்தார். துடைக்காத தரையில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி பெரிதாக எழுதிக் காட்டினார். எட்டில் ஐந்திலிருந்து எட்டில் இரண்டு போனால் எட்டில் மூன்று. மேலே இருப்பதை மட்டும் கழிக்க வேண்டும். கீழே இருப்பது அப்படியே இருக்கும்.