பஸ்ஸுக்கு மூன்று அழுத்து

எங்கள் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணியது நான்தான். அதனால் நடந்த கூத்தில் பாதிப் பொறுப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து பல்லைக் கடிக்க வேண்டாம்.

நடைமேம்பாலத்தின் மேல் மூன்று நாள், காலை ஆறு முதல் பத்து வரை, எண்ணும் கருவியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கார் வந்தால் பொத்தானை ஒரு அழுத்து. பஸ் வந்தால் மூன்று அழுத்து, ஏனென்றால் ஒரு பஸ் மூன்று கார்களின் இடத்தை அடைக்கும். எங்கள் துறையில் காலங்காலமாக இப்படித்தான். என் தங்கை போகும் பஸ்ஸும் கீழே ஊர்ந்து போனது. ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நான் மூன்று முறை அழுத்திவிட்டு அடுத்த வண்டியைப் பார்த்தேன். அன்று மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த அட்டவணையை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். அரசாங்கம் நிலம் தரும். ஒரு கம்பெனி ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரைவுத் தடம் போட்டு, முப்பது வருடம் கட்டணம் வசூலிக்கும். அவசரக்காரர்கள் காசு கொடுத்து அதில் போகலாம், மற்றவர்களுக்குப் பழைய தடம். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. கம்பெனி வராவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு அங்கே ஒரு கல்கூட விழாது.

ஒப்பந்தத்தின் கடைசி நகல் என் மேஜைக்கு வந்தபோதுதான் அதைக் கவனித்தேன். பஸ்ஸுக்கு மூன்று கார் கட்டணம் என்று போட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரம் என் அட்டவணை. பஸ் கழகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். அவ்வளவு கொடுத்துக் கட்டுப்படியாகாது, பழைய தடத்திலேயே ஓட்டிக்கொள்கிறோம் என்றார்கள்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பிள்ளை விழிக்கும் முன் கிளம்புவாள், தூங்கிய பின் திரும்புவாள். வீட்டோடு தையல் வேலை செய்யும் அவள் வீட்டுக்காரர்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உன் ரோடு வந்தா சீக்கிரம் வந்துடலாம்னு நெனச்சேன்க்கா," என்றாள். "போன வாரம் இவ என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டா. ரெண்டு வயசுதான், தெரியாமத்தான் கூப்பிட்டா. ஆனா கூப்பிட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ஸை மூணு கார்னு எண்ணின. சரி. உள்ள நாங்க எத்தனை பேர்னு எண்ணினியா?"

சுருக்கென்றது. மறுநாளே லீவு போட்டுவிட்டு அதே பாலத்துக்குப் போனேன். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தலைகளை எண்ணினேன். மூன்று நாள். வண்டிகளில் நூற்றுக்கு இரண்டுகூட பஸ் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் போகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பஸ்ஸில்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். என் மேலதிகாரியும் கம்பெனி ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி ஆளுக்கு எங்கள் அலுவலகத்தில் 'டை' என்று பெயர். எந்த வெயிலுக்கும் அதைக் கழற்றமாட்டார்.

"அட்டவணையில பக்கத்துக்கு ஒரு கையெழுத்து போடும்மா. சீல் வெச்சு அனுப்பிடலாம்," என்றார் மேலதிகாரி.

"போட மாட்டேன் சார். அது இடத்தை எண்ணின கணக்கு, ஆளை எண்ணினது இல்ல. தப்பு என்னோடது. எழுதியே குடுக்கறேன்." புதிய தாள்களை நீட்டினேன். "பஸ்ஸை விரைவுத் தடத்துல கட்டணமில்லாம விடணும்."

"பிரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. தப்பு பண்ணேன்னு எழுதினா அவ்வளவுதான்."

"அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கலாம் சார்."

டை தாள்களைப் புரட்டினார். "மேடம், மணிக்குத் தொண்ணூறு பஸ். எங்க தடத்துக்கு அது பெரிய பாரம் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா பஸ் வேகமாப் போச்சுன்னா கார்க்காரங்களும் பஸ்ஸுக்கு மாறிடுவாங்க. பழைய தடத்துல நெரிசல் குறைஞ்சிடும். அப்புறம் எங்களுக்கு யார் காசு குடுப்பாங்க?"

நான் பேனாவைத் திறந்தேன். கையெழுத்துக்கு இல்லை.

"அதாவது, நெரிசல் குறையக் கூடாதுன்னு சொல்றீங்க. கூட்டக் குறிப்புல அப்படியே எழுதிக்கட்டுமா சார்?"

டை முதன்முறையாகக் கழுத்து முடிச்சைத் தளர்த்தினார். மேலதிகாரி என்னை முறைத்தார், பிறகு அவரை. "வேண்டாம்," என்றார் டை. நாலு மணி நேரம் இழுத்தார். நானும் நகரவில்லை. கடைசியில் 'மூன்று கார் கட்டணம்' என்ற வரியை அடித்து, 'பஸ்: கட்டணம் இல்லை' என்று எழுதினார்கள். அதன் பிறகுதான் புது அட்டவணையில் கையெழுத்துப் போட்டேன். பிரமோஷன் என் ஜூனியருக்குப் போனது. கோபம் வந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

இரண்டரை வருடம் கழித்துச் சாலை திறந்தார்கள். முதல் நாள் மாலை நான் பழைய தடத்தில், என் காருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். விரைவுத் தடத்துக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தங்கையின் பஸ் என்னைத் தாண்டிப் போனது. கையாட்டினேன். ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அதே இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்கமாட்டேன், போன் அடித்தது.

"பெரியம்மா," என்றது குழந்தைக் குரல். "அம்மா வந்துட்டாங்க. வெளிச்சமா இருக்கும்போதே வந்துட்டாங்க."