இரண்டாவது துளி

1

இந்தக் கதை ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தொடங்கியது. கோபத்தில் தொடங்கியது என்றுதான் முதலில் எழுதினேன். கடையை முதலில் சொல்வது நியாயம்.

தொடக்கம் ஒன்று: ‘செவ்வந்தி ஒளியைக் காதலித்தாள்.’ பொய். லேசரைத் திட்டிக்கொண்டேதான் இருப்பாள்.

தொடக்கம் இரண்டு: ‘என் மனைவி செவ்வந்தி போன வருடம் லாரி மோதி இறந்தாள். அன்றிலிருந்து நான்’

வேண்டாம். இது என்னைப் பற்றியது அல்ல.

2

அவள் ஆராய்ச்சி மாணவி. சுரங்கத்தில் கரித்தூசியை அடக்கத் தெளிக்கும் நீரைப் படமெடுத்தாள். முடியைவிட மெல்லிய துளிகள். அவற்றின் வேகத்துக்கு எந்தக் கேமரா ஷட்டரும் மூடாது. அதனால் அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்து, லேசரை மின்ன விடுவாள். வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம். அதற்குள் துளி எங்கே நகரும்? நின்றுவிடும். துளியூண்டு நேர இடைவெளி விட்டு, அதே படத்தில் இன்னொரு மின்னல். ஒவ்வொரு துளியும் படத்தில் இரண்டாகப் பதியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுவாள்.

[வாசகருக்கு இவ்வளவு அறிவியல் போதும்.]

(“தண்ணிய போட்டோ புடிக்கவா இம்மாம் படிப்பு?” என்பார் மாணிக்கம்மாள் சித்தி. “உங்க வாயத்தான் புடிக்கலாம்னு பாத்தேன் சித்தி, அந்த வேகத்துக்கு லேசர் பத்தல” என்பாள்.)

3

முதலாண்டு நினைவஞ்சலிக்கு எங்கள் டவுன்ஷிப்பில் பிளாக் முனையில் பேனர் வைப்பார்கள். மாமனார் சிங்காரவேல், மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் முகத்துக்குப் பின்னால் அவள் எடுத்த படத்தையே போடச் சொல்லி, கடையில் பென்டிரைவைக் கொடுத்திருந்தார். அவள் படங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஆய்வகக் கணினியை அடுத்த மாணவருக்காக அழித்துவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

மாமாவும் நானும் கடைக்குப் போனோம். திரையில் எல்லாத் துளியும் ஒற்றையாக இருந்தது.

“இன்னொன்னு எங்க?” என்றேன்.

கடைக்காரன் கலைச்செல்வன் பெருமையாகத் திரும்பினான். “எல்லாம் ரெண்டு ரெண்டா இருந்திச்சிங்க. எடுக்கசொல்ல கை ஆடியிருக்குது. காலையிலேர்ந்து குந்திகினு ஒன்னொன்னா அழிச்சேன்.”

“பழைய ஃபைல்?”

“அதுமேலயே சேவ் பண்ணிட்டேங்க.”

“நல்லாத்தான இருக்குது மாப்ள, சுத்தமா” என்றார் மாமா.

சுத்தமா. ஒரு வருடமாக எல்லோரும் சுத்தம்தான் செய்கிறார்கள். அவள் பீரோவை. அவள் மேசையை. என் போனில் அவள் எண்ணை. (அதைச் செய்தவர், இல்லை, பெயர் வேண்டாம்.) கேட்காமல் செய்கிறார்கள். செய்துவிட்டு நன்றிக்கும் காத்து நிற்கிறார்கள்.

4

கலைச்செல்வனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அது இன்னும் எரிச்சல்.

முடிவு அ: நான் கத்துகிறேன். (கத்தவில்லை.)

முடிவு ஆ: அழிந்த படம் மீள்கிறது. (முயன்றோம். மீளவில்லை.)

முடிவு இ, நடந்தது:

“கோச்சிக்காதீங்க சார். இருக்கறதயே காப்பி பண்ணி பக்கத்துல ஒட்டிடறேன். எவ்ளோ தூரத்துல வெக்கணும், அத மட்டும் சொல்லுங்க.”

“சொல்லுங்க மாப்ள” என்றார் மாமா. “உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாது. அது அவளுக்குத்தான் தெரியும். மனம்போனபடி வைத்தால் பேனர் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தத் துளியும் ஓடாத வேகம் அது. அதன் கீழே அவள் பெயர் இருக்கும்.

5

நாளைக்குப் பேனர் ஏற வேண்டும். கலைச்செல்வன் மவுஸில் கை வைத்துக் காத்திருக்கிறான். இங்கேயே நிறுத்துகிறேன். முடிவு உங்களுடையது: ஒரு துளி, பக்கத்தில் வெற்றிடம்.

தூரம் தெரிந்தால் இரண்டாவதை வையுங்கள்.

தெரியாவிட்டால் கையை எடுங்கள்.