ஒன்பது மார்க் மாநிலம்

ஐடஹோ எல்லையைத் தாண்டி இரண்டாவது மைலில், பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திய ஓரின் டட்டில், கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தபடி காத்திருந்தார். பத்து நிமிடமாயிற்று. யாரும் வரவில்லை. பக்கத்தில் மனைவி வெர்னா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இழுவை வண்டியில் நாற்பது வருடக் குடித்தனம் கயிறு கட்டிக் கிடந்தது.

ஓரின் ஓரிகனில் முடி வெட்டிப் பிழைத்தவர். கழுத்தில் துணியைக் கட்டியதும் அரசியலை ஆரம்பித்துவிடுவார். கத்தி அவர் கையில் இருந்ததால் எதிர்த்துப் பேச ஆளில்லை. கடையை மூடிய பிறகு, பேச்சுத் தினவு அடங்காமல், ஐம்பது மாநிலங்களுக்கும் மார்க் போட்டு ஒரு அட்டவணை தயாரித்தார். துப்பாக்கி, வரி, தேவாலயம், அரசாங்கம் மூக்கை நுழைக்கும் அளவு என்று நான்கு பாடம். தாராளவாதம் முற்றிய மாநிலத்துக்குப் பூஜ்யம், பழமை கெடாததற்குப் பத்து. ஓரிகனுக்கு இரண்டு. டெக்சாஸுக்கு ஒன்பதரை போட்டுவிட்டு, மச்சினன் அங்கே இருக்கிறான் என்பதற்காக ஒன்று குறைத்தார். வயோமிங்கைக் காற்று அதிகமென்று வெர்னா அடித்துவிட்டாள். குடிபோக மிஞ்சியது ஒன்பது வாங்கிய ஐடஹோ.

வெர்னாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஓரிகனிலேயே, யூஜீனில் இருக்கும் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அழுது பார்த்தாள், சண்டை போட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"ஓரிகன்ல இது ஒண்ணு நல்லாருந்துச்சுன்னு என்னைக்கு உன் வாயால சொல்றியோ, அன்னைக்கே வண்டியத் திருப்பணும். சரியா?"

"சொன்னாத்தானே!" என்று ஓரின் கையடித்துக் கொடுத்திருந்தார்.

இப்போது ஒலிப்பானை அழுத்தினார். அடுத்த குழாயில் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

"யாருக்குப் பெரியவரே வெயிட் பண்றீங்க?"

"பெட்ரோல் போடற ஆளுக்கு."

அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஓரிகனா! இங்க அவங்கவங்கதான் போட்டுக்கணும். சுதந்திர நாடு பெரியவரே, எறங்குங்க!"

அந்த நாளில் ஓரிகனில் அதற்கென்று ஆள் வருவான். வண்டிக்காரன் குழாயைத் தொடக்கூடாது என்பது சட்டம். அரசாங்கத்தின் மூக்குக்கு அவர் பூஜ்யம் போட்டதே இதனால்தான். வெளிமாநிலம் போனதெல்லாம் விமானத்தில் என்பதால் கற்கவும் வாய்க்கவில்லை.

இறங்கினார். கடன் அட்டையைத் தேய்த்தார். குழாயை எடுத்து, வேலை செய்கிறதா என்று ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது. புது பூட்ஸ் இரண்டும் நனைந்தன.

வெர்னா ஆரஞ்சை வைத்துவிட்டு இறங்கினாள். நெவாடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு எத்தனையோ முறை தானே ஓட்டிப் போனவள். குழாயை வாங்கி, மூடியைத் திருகி, செருகினாள்.

"தெரிஞ்சுமா பேசாம உக்காந்திருந்த?"

"நீயா ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன்."

ஓரினுக்கு அவமானமாக இருந்தது. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பூட்ஸை உதறினார்.

"மழையோ பனியோ, நம்ம பங்குல அந்த டார்னெல் ஓடி வருவான்ல. கண்ணாடியக்கூட தொடச்சுவிட்டு..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"ம்? தொடச்சுவிட்டு?"

டேங்க் நிரம்பிக் குழாய் டக்கென்று நின்றது. வெர்னா அதை எடுக்கவில்லை. ஓரின் வாயைத் திறந்தபடி, பூச்சி ஒட்டிக் கிடந்த முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.