பஞ்சுமிட்டாய் விரிப்புகள்

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வீட்டில் அவளை யாரும் திட்டுவதில்லை. பாலைப் பொங்கவிட்டாள், "பரவால்ல விடும்மா" என்றான் அண்ணன். அவன் சட்டையைக் கருக்கினாள். "பழைய சட்டைதானே" என்றாள் அண்ணி. ஒருநாள் டிவி சத்தம் தாங்காமல் குரலை உயர்த்தினாள். இருவர் கண்களும் ஒரே நேரத்தில் மாத்திரை டப்பாவுக்குப் போயின. அதன்பின் கோபம் வந்தால் தண்ணீர் குடித்து விழுங்கிக்கொண்டாள்.

சலவைக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளைப் போலவே விழுந்து எழுந்தவர்கள் கூட்டாக நடத்தும் இடம். வெள்ளை, கலர் என்று துணி பிரிப்பவர் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர். இயந்திரம் பெரியக்காவின் பொறுப்பு. இவளுக்கு இஸ்திரி.

அன்று பெரியக்கா சாப்பிடப் போயிருந்தாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை இவளே இயந்திரத்தில் போட்டாள். கதவைத் திறந்தபோது வெள்ளையெல்லாம் ரோஸ். கூடவே ஒரு சிவப்பு சாக்ஸ் வந்து விழுந்தது.

'பரவால்ல, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு' என்பார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

பெரியக்கா வந்து ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ண பிடரியிலயாடி வெச்சிருந்த? ஓட்டலுக்கு வர்றவன் பஞ்சுமிட்டாய் மேலயா படுப்பான்?"

விழுங்கியதெல்லாம் மொத்தமாக மேலே வந்தது.

"நான் மட்டுமா? துணி பிரிச்சது யாரு? மாமாவக் கேளுங்க! எது நடந்தாலும் என் தலையிலதான் விடியணுமா?"

சுவரில் மோதித் திரும்பிய தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள். பெரியக்கா, மாமா இருவர் கண்களையும் பார்த்தாள். அவை எங்கும் போகவில்லை.

"ஏம்மா கத்துற?" என்றார் மாமா. "எனக்கு வந்த வியாதி வேற. காது நல்லாத்தான் கேக்குது."

"கண்ணு?" என்றாள் இவள்.

"கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

பெரியக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப காலைலேர்ந்து எப்படிப் பிரிச்சீங்க?"

"குத்துமதிப்பா."

முதலில் சிரித்தது இவள்தான். அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. மாமாவும் குலுங்கினார். பெரியக்கா முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டாள்.

"இளிச்சது போதும். ப்ளீச் மேல் தட்டுல இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து வெளுக்கணும். அது முடியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

"அதான் செய்ய வர்றேன்ல, அதட்டாதீங்க!" என்று அவளைவிடச் சத்தமாகச் சொல்லியபடி இவள் கையுறையை மாட்டினாள்.