சாட்சி எண்ணெய்

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியின் மரணத்தைப் பற்றிச் சபையில் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுடைய மோவாயில் எண்ணெய் கசியத் தொடங்கியது. பலகாரக் கடையில் திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயின் நிறமும் நாற்றமும் அதற்கு இருந்தன. ஈ மொய்த்தது. தலையணை உறை பிசுபிசுத்தது. தோலில் கோளாறு எதுவும் இல்லை என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே.

சாட்சியைப் போதகர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். புற்றுநோய் வார்டில் அவள் கடைசி மூச்சுவரை பாடினாள், சிரித்த முகத்தோடு ஆண்டவரிடம் போனாள் என்பது அது. நடந்தது வேறு. போதகர் ஜெபிக்க வந்தபோது, "அவரை வெளிய போகச் சொல்லுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கூரையைப் பார்த்து, "காது கேக்குதா உமக்கு? எதுக்கு இந்தப் பாடு படுத்துறீரு?" என்று ஆண்டவரைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டிருக்கையிலேயே செத்தாள். "இது வெளிய தெரிஞ்சா நாலு பேரு விசுவாசம் ஆட்டம் கண்டுரும், தம்பி" என்றார் போதகர். அவனுக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. தலையாட்டிவிட்டான்.

ஆண்டவர் பேரால் வரும் எதையும் அந்தச் சபையார் மோந்து பார்க்க மாட்டார்கள். எண்ணெயை அபிஷேகம் என்றார்கள். அவன் சாட்சி சொல்லும்போது போதகர் மோவாய்க்குக் கீழே கிண்ணம் பிடித்தார். இருமல் மருந்துக் குப்பிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தைகளின் புண்ணில் தடவினார்கள். புண் சீழ் வைத்தது. இன்னும் கொஞ்சம் தடவினார்கள். காத்திருக்கப் பொறுக்காத ஒரு பெரியவர் அவன் மோவாயை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் வெளியே ஓடி வாந்தியெடுத்தான். ஊர் ஊராகச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வருஷங்கள் போயின.

அதைவிட மோசம், மனைவியை நினைத்தால் சாட்சியில் வருகிற சிரித்த முகம்தான் வந்தது. வெடித்த உதடும் கோபக் கண்ணுமாக இருந்த அவளுடைய சொந்த முகம் பிடிபடவில்லை. புகைப்படத்திலும் அந்தச் சிரிப்பு பரவிவிட்டது. வார்டில் மகளோடு கடைசிவரை இருந்து, இப்போது அவன் வீட்டோடு இருக்கும் மாமியார் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார்.

"யாரு மாப்ள இவ? என் பொண்ணு போட்டோவுக்குச் சிரிச்சதே கிடையாது. ஆண்டவரோட சண்டை போட்டுச் செத்தவ. இல்லாத ஆளோட யாராச்சும் சண்டை போடுவாங்களா? அதுவும் விசுவாசம்தான். மொதல்ல மூஞ்சியத் தொடைங்க, கொமட்டுது."

அடுத்த ஞாயிறு அவன் மைக்கைப் பிடித்தான். "அவ பாடல. ஆண்டவரைத் திட்டினா. கேக்குறாருன்னு நம்பித்தான் திட்டினா. நான்தான் இத்தனை நாளா பொய் சொன்னேன்."

எண்ணெய் நின்றது. தொங்கிய கடைசிச் சொட்டு விழுந்ததும் மோவாய் காய்ந்துவிட்டது. சபை பதறியது. "ஐயோ, எனக்கு இன்னும் கிடைக்கலையே!" என்று குப்பியோடு ஒருத்தி அழுதாள். செத்தவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதகர் மைக்கைப் பிடுங்கினார். "தம்பி துக்கத்துல உளறுது. நான் கண்ணால பாத்தேன், அவ சிரிச்சுக்கிட்டே போனா." அவர் தாடியில் எண்ணெய் ஊறியது. "ஸ்தோத்திரம்!" என்று கத்தியவர்களின் மோவாய்களும் மினுங்கின. இப்போது எல்லோருக்கும் வடிகிறது. வழுக்கி விழுகிறார்கள் என்று ஆலயத்தில் சொரசொரப்பான டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, அவள் போனபிறகு முதல்முறையாக அழுதான். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இவதான்" என்றார். ஆணியைக் கொஞ்சம் மேலே அடித்து மாட்டினார்கள்.